என் கைநாட்டுக்கு நானே சாட்சி

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எங்கள் தெருப் பெண்களில் அந்த அளவுக்குப் படித்தது அப்போது நான் ஒருத்திதான். யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் எடுத்து வருவார்கள். பட்டாளத்திலிருந்து அவர்கள் மகன் எழுதியதைப் படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுப்பேன். யாருக்காவது மணியார்டர் வந்தால், அவர்கள் கைநாட்டு வைக்க, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். தபால்காரர் சைக்கிளை என் வாசலில் நிறுத்திவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்குத் தெருவில் இருந்த ஒரே மரியாதை அதுதான். அப்படிப்பட்ட நான், எண்பதுகளில் ஒரு கோடையில், அரசாங்கக் கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரியாதவள் ஆனேன்.

என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது எங்கள் மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நிலம் கிடையாது. எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், அங்கே எந்தப் பக்கம் போனாலும் முந்திரிக்காடு. குத்தகைக்காரர்களிடம் கொட்டை வாங்கி, கொல்லையில் வறுத்து, உடைத்து, தோலை எடுத்துவிட்டு, பருப்பைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் விற்றேன். கும்பகோணம் பஸ் உள்ளே திரும்பினால் மற்ற பெண்கள் ஜன்னல் ஜன்னலாக ஓடிக் கூவுவார்கள். எனக்குக் கூவ வராது. முந்தானையைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பேன். கண்ணில் பட்டவர்கள் வாங்கினார்கள்.

முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம், ஆனாலும் கை கறுத்து, தோல் உரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரியும். மகள் ஒன்பதாவது படித்தபோது, நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஒரு கூடைக் கொட்டையை உடைத்திருக்கிறாள். வேர்வையை அதே கையால் துடைத்திருக்கிறாள். நான் வந்தபோது ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "வலிக்கலம்மா, நாளைக்கும் உடைக்கிறேன்" என்றாள். அன்றைக்கே மனதில் ஒன்று வைத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளை பத்தாவது முடிக்கும். இவள் கை ஓட்டில் படக்கூடாது. ஆனால் ஒரு ஜோடிக் கை உடைப்பது இரண்டு பேர் சாப்பாட்டுக்குப் போதவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எங்கள் ஊர்த் தலையாரி விதவை உதவித்தொகை பற்றிச் சொன்னார். மாதாமாதம் மணியார்டரில் வருமாம். அரிசிக்கு ஆகும்.

"ஆனா ஒண்ணு," என்றார். "ஆதரவு இல்லாதவங்களுக்குத்தான். என்ன தொழில்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"முந்திரிக்கொட்டை உடைக்கிறேன்னு."

"யார்கிட்ட கூலிக்கு?"

"யார்கிட்டயும் இல்லண்ணே. நானே வாங்கி, நானே உடைச்சு, நானே விக்கிறேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப நீ வியாபாரிம்மா. மொதலாளி. மொதலாளிக்கு எப்படிக் குடுப்பாங்க?"

எனக்குத் தெரிந்து, கூலிக்கு உடைக்கிற பெண்கள் என்னைவிட அதிகமாகச் சம்பாதித்தார்கள். மழைக்காலத்தில் என் முதலாளித்தனம் கஞ்சிக்குக் காணாது. இருந்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது, முதலாளி என்ற சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இதெல்லாம் பழக்கம். அவளுடைய மாமியாருக்கு முதியோர் தொகை வாங்கிக் கொடுத்தவள் அவள். "தொழிலே இல்லைன்னு சொல்லுக்கா," என்றாள். "அப்பறம் அங்க போயி கையெழுத்து கிய்யெழுத்துப் போட்டுத் தொலைக்காத. எங்க மாமியாருக்கு ஏன் உடனே குடுத்தாங்க? கைநாட்டு வச்சதால. கையெழுத்துப் போட்டா, படிச்சவதானே, போய்ப் பொழைச்சுக்கன்னுருவாங்க."

இது சட்டத்தில் எங்கேயும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் எங்கள் தெருவே அதை நம்பியது, நானும் நம்பினேன்.

தாலுகா ஆபீசுக்கு அவளும் கூட வந்தாள். வைகாசி மாதம். கொட்டைப் பருவம் முடிகிற நேரம், கை ரொம்ப மோசமாக இருந்தது. குமாஸ்தா மைப்பெட்டியைத் தள்ளினார். இடது கட்டைவிரலை ஒற்றி வைத்தேன். காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. அதில் ஒரு கோடு கூட இல்லை.

"அழுத்தாம வைம்மா."

அழுத்தாமல் வைத்தேன். கொஞ்சம் சின்ன வட்டம் விழுந்தது. அடுத்த விரலை வைக்கச் சொன்னார். பிறகு அதற்கடுத்ததை. பியூன் மண்ணெண்ணெய் தொட்ட துணியைக் கொண்டுவந்து என் விரல்களைத் துடைத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வலது கைக்கு மாறினோம். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், சிறுத்தைத் தோல் மாதிரி.

"ஏம்மா, ரேகையெல்லாம் எங்க போச்சு?" என்றார் குமாஸ்தா. "என்ன வேலை பாக்குற?"

ஜெயங்கொண்டத்தில் குழந்தைக்குக் கூடத் தெரியும், எந்த வேலை ரேகையைத் தின்னும் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார். பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சே போயிருச்சு."

"யார் வூட்டுப் பாத்திரம்?"

"அது வூட்டுதாங்க."

"வருமானமே இல்லைன்னு எழுதியிருக்கு. ரேகை அழியற அளவுக்கு என்னத்த ஆக்கி, என்னத்தத் தேய்க்குது?"

பின்னால் நின்ற ஒரு கிழவர், "அதான் வெறும் பாத்திரம்ல, அழுத்தித் தேய்க்குது போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்துவிட்டார். பொட்டுகளிலேயே கொஞ்சம் நன்றாக விழுந்த ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு, 'மனுதாரர் இடது பெருவிரல் ரேகை' என்று எழுதினார். அது என் வலது நடுவிரல். எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். தப்பு என்று சொல்ல முடியாது, எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.

அடுத்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். வருகிற நாளைத் தலையாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். தெருவே திரண்டு வந்து என்னை ஏழையாக்கியது. கொட்டை மூட்டையை ஒருத்தி தூக்கிப் போனாள், வறுக்கிற சட்டியை ஒருத்தி. அதோடு விட்டிருக்கலாம். வேகத்தில் என் நல்ல பாய், குத்துவிளக்கு, சோற்றுப் பானை எல்லாம் போய்விட்டன. போகிற போக்கில் யாரோ முறத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது வீட்டில் நானும் சுவரும்தான் இருந்தோம்.

"இந்தம்மா எப்படித்தான் சாப்பிடுது?" என்றார்.

"எங்கள மாதிரி நாலு பேரு குடுக்கிறதுதாங்க," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். முகத்தில் நிஜமாகவே இரக்கம் தெரிந்தது. கிளம்பிப் போகும்போது திரும்பி, "இந்த ஊர்ல நல்ல முந்திரிப்பருப்பு யாரு வச்சிருப்பாங்க? பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கேன்" என்றார்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நாலு திசையிலிருந்தும் கை என் வீட்டைத்தான் காட்டும். ஒரு பெண் கையைத் தூக்கியே விட்டாள். பிறகு அதை அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா விக்கும்," என்று இன்ஸ்பெக்டரே தொடர்ந்தார். "முக்காடு போட்டுக்கிட்டு, வாயே திறக்காது. ஆனா பருப்பு முழுசு முழுசா இருக்கும், ஒரு சொத்தை பாக்க முடியாது. இந்த ஊருன்னுதான் சொன்னாங்க."

இப்படி ஒரு பாராட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல நின்றேன்.

"அந்த அம்மா ஊருக்குப் போயிருக்குங்க," என்றார் தலையாரி.

"எப்ப வரும்?"

தலையாரி என்னைப் பார்த்தார். "நீங்க கெளம்புனதும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டு, உடனே, "சாயந்தர பஸ்சுக்கு" என்று சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு மாலையே நல்ல பருப்பாகப் பொறுக்கித் தலையாரியிடம் கொடுத்தனுப்பினேன். இன்ஸ்பெக்டர் முழு விலை கொடுத்து, "அந்தம்மாகிட்ட ரொம்ப சந்தோஷம்னு சொல்லு" என்றாராம். தலையாரி வந்து சொன்னார்.

ஆவணியில் முதல் மணியார்டர் வந்தது. மகள் அப்போது பத்தாவது. தபால்காரர் வழக்கம்போல என் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பையைத் திறந்து, மணியார்டர் பாரத்தைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தாயி, இதுல உனக்கு நாட்டுன்னுல்ல போட்டுருக்கு."

"ஆமாங்க."

"உனக்கா?"

"ஆமாங்க."

"சரி. நாட்டுன்னா சாட்சி வேணுமே. யாரு போடுவா?"

இரண்டு பேரும் தெருவைப் பார்த்தோம். பதினோரு மணி வெயிலில் ஆடுகள்தான் நின்றன. கையெழுத்துப் போடத் தெரிந்த ஆண்களில் ஒருவர் கண்டக்டர், டூட்டிக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காட்டுக்குப் போயிருந்தார். தபால்காரர் இன்னும் மூன்று ஊர் போகவேண்டும்.

"நான் கையெழுத்தே போட்டுரட்டுங்களா?" என்றேன்.

"போட்டா ஆள் மாறாட்டம்னு திருப்பிருவாங்க. நாட்டுன்னா நாட்டுதான்." கொஞ்ச நேரம் யோசித்தார். "இந்தத் தெருவுக்கு வழக்கமா சாட்சி போடறது நீதானே?"

"ஆமாங்க."

"அப்ப வழக்கத்தை எதுக்கு மாத்தணும்?"

நான் விரலை வைத்தேன். மையைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே, மேற்படி ரேகை எனக்கு முன்னால் வைக்கப்பட்டது என்பதற்குச் சாட்சியாக என் பெயரை எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால்தான் வைக்கப்பட்டது.

அடுத்த மாதம் தபால்காரர் முகம் சரியில்லை. போஸ்ட் மாஸ்டர் பிடித்துவிட்டாராம், வாங்கினவரும் சாட்சியும் ஒரே பேராக இருக்கிறதே என்று. "ஒரே தெருவுல ஒரே பேர்ல ரெண்டு பேரு இருக்காங்க, ஒருத்தி படிச்சவ, ஒருத்தி படிக்காதவன்னு சொல்லியிருக்கேன்," என்றார். "படிக்காதவளுக்கு இனிமே வேற சாட்சி வேணுமாம்."

அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக்கூடிய, கையெழுத்துத் தெரிந்த வேறு ஆள் என் மகள் மட்டும்தான். அவள் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள், எழுந்து வந்து போட்டாள். தபால்காரருக்குத் திருப்தி. அதற்கடுத்த மாதம் காய்ச்சல் இல்லாமலே வீட்டில் இருந்தாள். மணியார்டர் எந்த நாளில் வரும் என்று தெரியாது, மாதப் பிறப்பிலிருந்து காத்திருக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் என்று ஆரம்பித்து ஒரு வாரம் வரைக்கும் போனது. நான் பள்ளிக்கூடம் போ என்பேன். "வந்து திரும்பிப் போயிட்டா? அரிசிக்கு என்ன பண்ணுவ?" என்பாள். அவள் படிப்பதற்காகக் கேட்டு வாங்கிய பணத்தை வாங்குவதற்காக அவள் படிக்கப் போகவில்லை.

கார்த்திகையில் அவளுடைய டீச்சர் என்னை வரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் முன்னால் கேட்கக்கூடாது என்று வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"மாசா மாசம் முதல் வாரம் இவ வர்றதில்ல. இன்னும் இப்படியே போனா வருகை குறைஞ்சு பரிட்சைக்கு உக்கார முடியாது. கொட்டை உடைக்க வச்சிருக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"இல்லைங்க டீச்சர். சாட்சி சொல்ல வச்சிருக்கேன்," என்றேன். டீச்சர் பயந்துபோய், எந்த கேஸ் என்று கேட்டார்.

மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போனேன், இந்தத் தடவை தனியாக. அதே குமாஸ்தா. தைரியத்தையெல்லாம் திரட்டி, "நாட்டைக் கையெழுத்தா மாத்தித் தரணுங்க" என்றேன்.

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியுங்க."

"வைகாசியில தெரியலையே. இடையில எப்படித் தெரிஞ்சுது?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அதற்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. "முதியோர் கல்வியில சேர்ந்து கத்துக்கிட்டேன்னு சான்று வாங்கிட்டு வா. மாத்திரலாம்."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பொழுது சாயும்போது முதியோர் கல்வி நடந்தது. சொல்லிக் கொடுத்தவள் அடுத்த தெருப் பெண், பதினொன்றாம் வகுப்பு முடித்தவள். என்னைப் பார்த்ததும் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டாள்.

"பெரியம்மா, நீங்க உக்காந்திருந்தா நான் எப்படி அனா ஆவன்னா எழுதிக் காட்டுறது? எனக்கு வெக்கமா இருக்கு."

"எனக்கும்தான் கண்ணு. நீ எழுது. எனக்குச் சான்று வேணும்."

"வந்தவுடனே குடுக்க முடியாது பெரியம்மா. நோட்டம் பாக்க மேல இருந்து வருவாங்க. படிப்படியாத்தான் கத்துக்கணும்."

படிப்படியாகக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் அவள் போட்ட 'அ'வைப் பார்த்துச் சிலேட்டில் எழுதினேன். எட்டிப் பார்த்தவள், "ரொம்ப அழகா இருக்கு, கொஞ்சம் கோணலா எழுதுங்க" என்று காதோடு சொன்னாள். கோணலாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். கை தானாக நேரே போகும், பிடித்து இழுத்து வளைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள், சொல்லிக் கொடுக்கிறவள் திரும்பினதும் சிலேட்டை என் பக்கம் நீட்டி, "ஏக்கா, இது சரியான்னு பாரு" என்பார்கள். அவர்களுடைய சிலேட்டில் சரியாகவும் என்னுடையதில் தப்பாகவும் எழுதி மார்கழியைக் கழித்தேன். மணியார்டருக்காக மகள் அந்த மாதமும் வீட்டில் இருந்தாள்.

தையில் திருச்சியிலிருந்து ஒரு அதிகாரி நோட்டம் பார்க்க வந்தார். ஒவ்வொருவரையும் பெயர் எழுதச் சொன்னார். என் முறை வந்தபோது பதற்றத்தில் கோணல் மறந்துவிட்டது. பெயரை எழுதி, ஊரை எழுதி, தாலுகா, ஜில்லா வரைக்கும் எழுதி முடித்துத் தலையைத் தூக்கினேன்.

"கார்த்திகையில சேர்ந்தவங்களா இவங்க?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார். கற்பூர புத்தி," என்றாள் சொல்லிக் கொடுத்த பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் கண்கள் கலங்கின மாதிரி இருந்தது. என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கை தட்டவைத்தார். "எழுத்து வந்தாச்சு. அடுத்தது சொந்தக் கால்ல நிக்கணும். உங்களுக்கு சுயதொழில் கடன் தர நான் எழுதித் தர்றேன். இந்தப் பக்கம் முந்திரி நிறைய. கொட்டை வாங்கி, உடைச்சு, நீங்களே வியாபாரம் பண்ணலாமே."

எனக்குப் பின்னால் ஒரு பெண் இருமினாள். இன்னொருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எனக்கு அந்த வேலை தெரியாதுங்களே," என்றேன்.

"பயிற்சி குடுக்கிறோம்மா. சாம்பல் தொட்டுக்கிட்டு உடைச்சா கை வேகாது."

"தொழில்னு வந்துட்டா உதவித்தொகை நின்னுருங்களே."

"ஆமா, அது நிக்கத்தான் செய்யும். தொழில் வளர்ந்துரும்ல?"

கடனை எடுத்தால் மூட்டை அதிகமாகும், மூட்டை அதிகமானால் இரண்டு ஜோடிக் கை வேண்டும். இரண்டாவது ஜோடி யாருடையது என்று எனக்குத் தெரியும். "எனக்கு வேண்டாங்க. சான்று மட்டும் போதும்" என்றேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். நம் பெண்களுக்கு எழுத்தைக் கொடுத்துவிடலாம், முயற்சியைத்தான் கொடுக்க முடியவில்லை என்று சொல்லிக் கொடுத்த பெண்ணிடம் சொல்லிவிட்டு, சான்றில் கையெழுத்துப் போட்டார்.

தாலுகா ஆபீசில் அதை ஏற்றுக்கொண்டு மாற்றுவதற்கு மாசி பிறந்துவிட்டது. மகள் அதன்பிறகு ஒருநாளும் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கவில்லை. விட்டதையெல்லாம் தோழிகளின் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். பள்ளிக்கூட டீச்சர் அவள் பெயரைப் பரிட்சைப் பட்டியலில் சேர்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

பங்குனியில் மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் பாரத்தை என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். சாம்பல் கையாக இருந்ததால் காகிதத்தின் ஓரம் அழுக்காகிவிட்டது. கொல்லையில் சட்டி புகைந்துகொண்டிருந்தது, புதுப் பருவத்துக் கொட்டை.

"எங்க பொண்ணைக் காணோம்?" என்றார்.

"பரிட்சை எழுதப் போயிருக்குங்க. இன்னைக்குக் கணக்கு."

"சாட்சிக்கு ஆள் இல்லைன்னு பழக்கத்துல கேட்டுட்டேன்," என்று சிரித்துக்கொண்டே பையை மூடினார். சைக்கிளில் ஏறியவர், ஒரு காலை ஊன்றி நின்றார். "அந்தப் படிக்காதவ ஒருத்தி இருந்தாளே, அவளப் பத்திப் போஸ்ட் மாஸ்டர் கேட்டா என்ன சொல்றது?"

"ஊரை விட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, சட்டி தீய்ந்துவிடும் என்று உள்ளே ஓடினேன்.